சின்ன ரிப்பேர்தான் சார்!

உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து, பத்திரங்களுக்கும் பாஸ்புக்குகளுக்கும் அடியில் கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். ஒரு ஏ.எம்.சி. காகிதம் கிடைக்கும். வாட்டர் ப்யூரிஃபையருக்கு, வாஷிங் மெஷினுக்கு, ஏ.சி.க்கு என்று வருஷா வருஷம் பணம் கட்டுகிறீர்களே, அதுதான். அபார்ட்மென்ட்வாசி என்றால் லிஃப்ட்டுக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று என்று அசோசியேஷன் ஃபைலில் இன்னும் இரண்டு இருக்கும்.

காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். எறும்பு வரிசை மாதிரி எழுத்துகள். அதில் எங்காவது ஓரிடத்தில், சிறு பழுதுகளை நாங்களே இலவசமாகச் சரி செய்து தருவோம் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். பெரிய பழுது என்றால் தனிச் செலவு. நியாயம்தானே? கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்.

சரி, சிறு பழுது என்றால் என்ன?

அது மட்டும் அந்தக் காகிதத்தில் இருக்காது. லிஃப்ட் கதவு மூன்றாவது மாடியில் மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை மூடித் திறக்கிறது. சின்னதா, பெரியதா? ஏ.சி.யிலிருந்து ஒரு சத்தம் வருகிறது, ஆனால் குளிர்கிறது. சின்னதா, பெரியதா? வருகிற பையன் பார்த்துவிட்டு, ‘சின்ன ரிப்பேர்தான் சார், ஒண்ணும் ஆகாது’ என்பான். அவன் சொன்னால் அது சின்னது. பார்ட்ஸ் மாற்ற வேண்டும் என்று அவனே சொன்னால் அது பெரியது. ஆக, அகராதியை எழுதுகிற உரிமை அவன் கையில்.

இது ஏதோ நம்ம ஊர் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘சின்ன ரிப்பேர்’ என்கிற இந்த இரண்டு வார்த்தைகளுக்கு அர்த்தம் தேடி லண்டனில் நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அர்த்தம் தப்பாகப் போனதில் ஒரு தேசத்தின் ரயில்வே கட்டமைப்பையே கையில் வைத்திருந்த கம்பெனி குப்புற விழுந்திருக்கிறது. மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

முதலில் கோர்ட்டுக்குப் போய்விட்டு வரலாம்.

*

பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா பேப்பர் ஞாபகம் இருக்கும். பரீட்சைக்கு முந்தைய நாள் இரவு உருப்போட்டிருப்பீர்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வகை வாக்குறுதிகள் உண்டு. ஒன்று கண்டிஷன். அது உயிர்நாடி, மீறினால் ஒப்பந்தத்தையே தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம். இன்னொன்று வாரன்ட்டி. அது உபரி, மீறினால் நஷ்டஈடு மட்டும் கேட்கலாம், ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. பிரிட்டனின் 1893-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் இருந்த பிரிவினை இது. நம் நாட்டின் 1930-ம் வருஷத்துச் சட்டத்திலும் 12-வது பிரிவாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

கேட்க அழகாக இருக்கிறது. பெரிய தப்பு, சின்ன தப்பு, தனித்தனி டப்பா. எந்தத் தப்பு எந்த டப்பாவுக்குள் போகும் என்பதில்தான் சிக்கல்.

1957-ல் ஒரு கப்பல் வந்து அந்த டப்பாக்களை உடைத்தது. பெயர் ‘ஹாங்காங் ஃபிர்’. 1931-ல் கட்டப்பட்ட கிழட்டுக் கப்பல். கவாஸாகி என்கிற ஜப்பானிய நிறுவனம் அதை 24 மாதங்களுக்கு வாடகைக்கு எடுத்தது. சாதாரணச் சரக்குப் போக்குவரத்துக்கு எல்லா விதத்திலும் தகுதியான கப்பல் இது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 1957 பிப்ரவரியில் லிவர்பூலில் கப்பலை ஒப்படைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போய் நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஜப்பானில் உள்ள ஒசாகாவுக்குப் போகவேண்டும்.

எஞ்சினுக்கு வயசாகிவிட்டது. அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள நல்ல ஆட்கள் வேண்டும். இருந்த ஆட்கள் போதாது. போதாக்குறைக்குத் தலைமை எஞ்சினியர் குடிகாரர். வழியெல்லாம் நின்று நின்று ரிப்பேர் பார்த்ததில் ஐந்து வாரம் போச்சு. தட்டுத்தடுமாறி மே மாதக் கடைசியில் ஒசாகா போய்ச் சேர்ந்தால், அங்கே இன்னும் 15 வாரம் ரிப்பேர்.

இதற்கிடையே இன்னொன்று நடந்தது. சூயஸ் கால்வாய்ப் பிரச்னையால் உச்சத்தில் இருந்த கப்பல் வாடகை மார்க்கெட் தொப்பென்று விழுந்துவிட்டது. பிப்ரவரியில் 47 ஷில்லிங் இருந்த ரேட் ஜூனில் 24. ஆகஸ்டில் 13-க்குச் சற்று மேல். கவாஸாகி என்ன செய்யும்? கப்பல் சரியில்லை, ஒப்பந்தம் ரத்து என்று கடுதாசி அனுப்பிவிட்டது. கப்பல் சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

1961 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கப்பல் தகுதியோடு இருக்க வேண்டும் என்பது ஒற்றை விஷயமே அல்ல என்றார்கள் நீதிபதிகள். மரக் கப்பலில் ஒரு பலகையில் ஓர் ஆணி இல்லையென்றாலும் தகுதிக் குறைவுதான். கப்பலின் அடியில் ஓட்டை இருந்தாலும் தகுதிக் குறைவுதான். ஓர் ஆணிக்காக இரண்டு வருஷ ஒப்பந்தத்தைக் கிழிக்க முடியுமா? எனவே, மீறப்பட்ட வாக்குறுதியின் பெயரைப் பார்க்காதே, மீறியதால் என்ன விளைந்தது என்று பார். ஒப்பந்தத்தின் பலன் மொத்தமாகவே பறிபோயிற்று என்றால் அது பெரிய தப்பு. இங்கே ரிப்பேர் முடிந்தபிறகும் 17 மாதம் பாக்கி இருக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தை முறித்தது செல்லாது.

கப்பல் சொந்தக்காரர்கள் ஜெயித்தார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் இந்த வழக்கைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நல்ல தீர்ப்பு. சமயோசிதமான அளவுகோல். ஆனால் அதில் ஒரு சின்னக் குறை இருப்பதைக் கவனித்தீர்களா? விளைவை வைத்துத்தான் பழுதை அளக்கவேண்டும் என்றால், விளைவு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நிலக்கரி ஏற்றிய கப்பல் 15 வாரம் துறைமுகத்தில் நிற்கலாம். நஷ்டஈடு கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. மணிக்கு 185 கிலோ மீட்டர் வேகத்தில், உள்ளே ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டும் பேப்பர் படித்துக்கொண்டும் உட்கார்ந்திருக்க, ஒரு ரயில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இங்கிலாந்துதான். அங்கே விளைவுக்காகக் காத்திருப்பீர்களா?

காத்திருந்தார்கள்.

*

1993-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் ரயில்வேயைத் தனியாருக்கு விற்கச் சட்டம் கொண்டுவந்தது. அப்போது ஜான் மேஜர் பிரதமர். சும்மா விற்கவில்லை. தீபாவளிக்கு மைசூர்பாகு வெட்டுவது மாதிரி துண்டு துண்டாக வெட்டினார்கள். ரயிலை ஓட்டுவதற்குப் பல கம்பெனிகள். ரயில் பெட்டிகளுக்குச் சொந்தக்காரர்கள் வேறு கம்பெனிகள். தண்டவாளம், சிக்னல், பாலம், சுரங்கப்பாதை எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் ரயில்ட்ராக் என்கிற ஒரு கம்பெனி. 1996-ல் அதன் பங்குகள் மார்க்கெட்டுக்கு வந்தன.

ரயில்ட்ராக்கிடம் தண்டவாளம் இருந்தது. அதைப் பராமரிக்கிற ஆட்கள் இல்லை. அந்தப் பிரிவுகளைத் தனித்தனிக் கம்பெனிகளாக்கி ஏற்கெனவே விற்றாகிவிட்டது. எனவே ரயில்ட்ராக் அந்தக் கம்பெனிகளோடு பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. வருஷத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை. அதற்குள் எதை எப்போது எப்படிச் செய்வது என்பதைப் பெருமளவு ஒப்பந்தக்காரரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

புரிகிறதா? நம் ஏ.எம்.சி.தான். ஒரு தேசம் அளவுக்குப் பெரிசு, அவ்வளவே.

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. தண்டவாளத்தைப் பராமரிக்க ஒரு கம்பெனி. பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுப் புதுசு போட வேறொரு கம்பெனி. அதாவது ‘சின்ன ரிப்பேர்’ ஒருவரிடம், ‘பெரிய ரிப்பேர்’ இன்னொருவரிடம். இரண்டுக்கும் இரண்டு பில். ஒரு விரிசல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு எப்போது தாண்டுகிறது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

ரயில் தாமதமானாலும் காசு. தண்டவாளக் கோளாறால் ரயில் லேட் ஆனால், ரயில் ஓட்டுகிற கம்பெனிக்கு ரயில்ட்ராக் நஷ்டஈடு தரவேண்டும். ஒவ்வொரு நிமிஷத் தாமதத்துக்கும் யார் காரணம் என்று கணக்கெழுதவே தனியாக ஆட்களை வைத்திருந்தார்கள். பாதையை மூடி வேலை செய்தால் செலவு. வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொன்னால் செலவு. ஒன்றுமே செய்யாமல் இருந்தால்? அன்றைக்கு மட்டும் செலவில்லை.

லண்டனுக்கு வடக்கே, ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் ஹாட்ஃபீல்ட் என்று ஓர் ஊர். அதன் பக்கத்தில் ரயில்பாதை மெலிதாக வளைகிறது. அந்த வளைவில் தண்டவாளத்தின் உட்புற மேல்விளிம்பில் பொடிப்பொடியாக விரிசல்கள் வந்திருந்தன. ரயில் சக்கரம் ஓயாமல் அதே இடத்தில் அழுத்தி அழுத்தி வருகிற களைப்பு விரிசல் அது. ஆரம்பத்தில் தலைமுடி மாதிரி இருக்கும். உள்ளே போகப் போக, கீழ்நோக்கித் திரும்பிவிடும். வெளியே பார்த்தால் அதன் ஆழம் தெரியாது. ஒலி அலையை அனுப்பி ஆழத்தைப் பார்க்கிற கருவி உண்டு. ஆனால் மேற்பரப்பு பொரிந்துபோயிருந்தால் அந்த அலையும் சரியாக உள்ளே இறங்காது. பழுது முற்ற முற்ற, அதைக் கண்டுபிடிக்கிற வாய்ப்பு குறையும்.

கவனியுங்கள், இந்த விரிசல் யாருக்கும் தெரியாமல் இருக்கவில்லை. விபத்துக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் முன்னால், 1999-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். பராமரிப்பு ஒப்பந்தக்காரரான பால்ஃபோர் பீட்டிக்குத் தெரியும். ரயில்ட்ராக்குக்கும் தெரியும். அந்தத் தண்டவாளத்தை மாற்ற வேண்டும் என்று தீர்மானமாகியிருந்தது. மாற்றுவதற்குப் புதிய தண்டவாளமும் ஏற்பாடாகியிருந்தது. வேலை மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதுவரை அந்த இடத்தில் ரயில்கள் மெதுவாகப் போகட்டும் என்று ஓர் உத்தரவு போட்டிருக்கலாம். அதையும் போடவில்லை.

2000, அக்டோபர் 17. மதியம் 12.10-க்கு லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து லீட்ஸ் போகிற ரயில் கிளம்பியது. 13 நிமிஷம் கழித்து ஹாட்ஃபீல்ட் வளைவு. சக்கரத்துக்கடியில் தண்டவாளம் உடைந்தது. ஒரு துண்டாக, இரண்டு துண்டாக இல்லை. ஏறத்தாழ 35 மீட்டர் நீளத்துக்கு, 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கண்ணாடி மாதிரி சிதறிவிட்டது. எஞ்சினும் முதல் இரண்டு பெட்டிகளும் தப்பித்துப் பாதையிலேயே போய் நின்றன. பின்னால் வந்தவை தடம் புரண்டன. உணவுப் பெட்டி சாய்ந்து, ஓரமாக இருந்த மின்கம்பத்தில் மோதி, கூரை கிழிந்தது. இறந்த நான்கு பேரும் அந்தப் பெட்டியில் இருந்தவர்கள். 70-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம்.

நான்கு பேர்தானே என்று தோன்றலாம். அடுத்து நடந்ததைப் பாருங்கள். இதே மாதிரி விரிசல் வேறு எங்கெல்லாம் இருக்கிறது? ரயில்ட்ராக்கிடம் சரியான பதில் இல்லை. தண்டவாளம் தங்களுடையது, அதை நடந்து நடந்து பார்த்த கண்கள் தங்களுடையவை அல்ல. நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அவசர வேகக் கட்டுப்பாடு விதித்தார்கள். பல இடங்களில் மணிக்கு 20 மைல் வேகத்துக்குமேல் போகக்கூடாது என்றார்கள். மாதக்கணக்கில் பிரிட்டனின் ரயில் போக்குவரத்து நொண்டியது. பழுது பார்க்கும் செலவும் நஷ்டஈடும் ஏறிக்கொண்டே போயின. சரியாக ஒரு வருஷம். 2001 அக்டோபரில் ரயில்ட்ராக் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2002 அக்டோபரில் நெட்வொர்க் ரயில் என்கிற புதிய அமைப்பு அதன் இடத்துக்கு வந்தது.

வழக்கு 2005-ல் முடிந்தது. பால்ஃபோர் பீட்டிக்கு ஒரு கோடி பவுண்ட் அபராதம். அடுத்த வருஷம் மேல்முறையீட்டில் அது 75 லட்சமாகக் குறைந்தது. ரயில்ட்ராக்கின் பாவத்துக்கு வாரிசான நெட்வொர்க் ரயிலுக்கு 35 லட்சம் பவுண்ட். கொலைக்குச் சமமான அலட்சியம் என்று குற்றம் சாட்டப்பட்ட தனிநபர்கள் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. விரிசலைப் பலர் பார்த்திருந்தார்கள். ஆனால், ‘இனி இது சின்னது இல்லை, ரயிலை நிறுத்து’ என்று சொல்வது இன்னாருடைய வேலை என்று ஓர் ஆளைச் சுட்டிக்காட்டுவது லேசாக இல்லை.

*

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 2002 மே 10. அதே ரயில்பாதை, ஹாட்ஃபீல்டுக்குச் சில மைல் தெற்கே பாட்டர்ஸ் பார் ஸ்டேஷன். ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு ரயிலைத் திருப்பிவிடும் பாயின்ட்டில் நட்டுகள் கழன்றிருந்தன. நட்டு! உங்கள் மிக்ஸி அடியில் இருப்பது மாதிரி ஒரு சமாசாரம், கொஞ்சம் பெரிசு. கடைசிப் பெட்டி தடம் மாறிப் பறந்துபோய் பிளாட்ஃபாரக் கூரைக்கடியில் குறுக்காகச் செருகிக்கொண்டது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ரயிலிலேயே இல்லை. கீழே பாலத்தடியில் நடந்துபோனவர்.

முந்தைய நாள் சாயங்காலம் அந்த வழியாகப் பயணம் செய்த ரயில்வே ஊழியர் ஒருவர், அந்த இடத்தில் ரயில் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று புகார் சொல்லியிருந்தார். பார்த்துவரப் போனவர்கள் வேறு இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

இந்தப் பகுதிக்கு ஒப்பந்தக்காரர் ஜார்விஸ் என்கிற வேறொரு கம்பெனி. யாரோ வேண்டுமென்றே நட்டைக் கழற்றியிருக்கலாம் என்று முதலில் சொன்னது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. 2004-ல் நஷ்டஈட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. 2010-ல் அந்தக் கம்பெனியே நொடித்துப்போனது. 2011-ல் நெட்வொர்க் ரயிலுக்கு 30 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தபோது, பக்கத்தில் நிற்க ஒப்பந்தக்காரர் இல்லை.

அதற்கெல்லாம் வெகு முன்பே, 2003 அக்டோபரில், நெட்வொர்க் ரயில் ஒரு முடிவெடுத்தது. தண்டவாளப் பராமரிப்பு இனி ஒப்பந்தக்காரர்களிடம் இல்லை, நாங்களே செய்துகொள்கிறோம். பல்லாயிரம் ஊழியர்கள் நேரடிச் சம்பளத்துக்கு மாறினார்கள். சுற்றி வளைத்துப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள் என்று சொல்லலாம்.

தனியார் கெட்டது, அரசு நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது தனிப் பஞ்சாயத்து. நான் சொல்லவருவது வேறு. அந்த ஒப்பந்தங்களில் ஒரு பழுதுக்குப் பெயர் வைத்தவுடனே அதன் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. ‘பராமரிப்பு’ என்றால் இவர் பணம். ‘புதுப்பித்தல்’ என்றால் அவர் பணம். ‘பார்த்துக்கொண்டிரு’ என்றால் யார் பணமும் இல்லை. விரிசலுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு வளரும்.

அப்படியானால் சின்னப் பழுது என்று ஒன்றை முன்கூட்டியே, விளைவு வருவதற்கு முன்னால், நேர்மையாக வரையறுக்கவே முடியாதா?

முடியும். தரையில் அல்ல, ஆகாயத்தில் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

*

நீங்கள் ஏறி உட்காருகிற விமானத்தில் எல்லாமே சரியாக வேலை செய்கிறது என்று நினைக்கிறீர்களா? பயப்படாதீர்கள், பல சமயம் ஏதோ ஒன்றிரண்டு வேலை செய்யாது. அதோடுதான் பறக்கிறார்கள். முறைப்படி, சட்டப்படி.

ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் என்று சொல்லலாம். சுருக்கமாக, எம்.இ.எல். எதெதெல்லாம் பழுதாக இருந்தாலும் விமானம் கிளம்பலாம் என்று அதில் ஒவ்வொன்றாக எழுதியிருக்கும். அதில் இல்லாத, பறப்பதற்குத் தேவையான எது கெட்டாலும் விமானம் கிளம்பக்கூடாது. பட்டியலை ஏர்லைன்ஸ் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. விமான மாடலுக்கு என்று ஒரு மூலப் பட்டியல் இருக்கிறது. அதைவிடக் கறாராக இருக்கலாம், தளர்வாக இருக்கக்கூடாது. அரசாங்க அனுமதியும் வேண்டும்.

இதில் அழகு எது தெரியுமா? ஒவ்வொரு சின்னப் பழுதுக்கும் காலாவதித் தேதி உண்டு. பால் பாக்கெட் மாதிரி. பி வகைப் பழுது என்றால் மூன்று நாள். சி வகை என்றால் பத்து நாள். டி வகை 120 நாள். ஏ வகைக்கு அந்தந்த இடத்திலேயே தனிக் கெடு எழுதியிருக்கும். கெடு முடிந்தும் சரி செய்யவில்லையா? பழுது அதேதான், அளவு அதேதான். ஆனால் அது இப்போது சின்னது இல்லை. விமானம் நிற்க வேண்டியதுதான்.

கெடுவோடு நிபந்தனைகளும் உண்டு. இது கெட்டால் இந்த மாதிரி வானிலையில் பறக்காதே, அது கெட்டால் இதையெல்லாம் பரிசோதித்துவிட்டுக் கிளம்பு என்று. அப்புறம், பட்டியல் சரி என்று சொன்னாலும் கேப்டனுக்குத் திருப்தியில்லை என்றால் கிளம்ப மறுக்கலாம். பழுது எழுதப்படுகிறது, கையெழுத்து போடப்படுகிறது, யார் போட்டது என்று தெரிகிறது.

ஹாட்ஃபீல்ட் விரிசலை இந்தப் பட்டியலில் வைத்து யோசித்துப் பாருங்கள். ‘மாற்றவேண்டும்’ என்று எழுதிய அன்றைக்கே ஒரு தேதியும் எழுதியிருக்க வேண்டும். தேதி தாண்டினால், யாரும் உத்தரவு போடாமலே ரயில் மெதுவாகப் போயிருக்கும்.

சரி, ஆகாயத்தில் எல்லாம் சுபமா? இல்லை. அங்கேயும் ஓர் ஓட்டை இருந்தது. அது 2014-ல் இந்தோனேசியாவில் தெரியவந்தது.

அந்த வருஷம் டிசம்பர் 28-ம் தேதி, சுராபயாவிலிருந்து சிங்கப்பூருக்கு 162 பேரோடு கிளம்பிய இந்தோனேசியா ஏர் ஏசியா விமானம் கடலில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. வாலில் உள்ள சுக்கான், அதிவேகத்தில் அளவுக்குமேல் திரும்பாமல் தடுக்கும் கருவி ஒன்று உண்டு. அதன் எலெக்ட்ரானிக் போர்டில் ஒரு சால்டரிங் விட்டுப்போயிருந்தது. நம்ம ஊர் டி.வி. மெக்கானிக் ஈயத்தை உருக்கி ஒரு பொட்டு வைப்பாரே, அந்தப் பொட்டில் கீறல்.

அந்தப் பழுதால் விமானம் விழாது. எச்சரிக்கை ஒலிக்கும், முறைப்படி ரீசெட் செய்தால் அடங்கிவிடும். அன்றைக்கு அது நான்கு முறை வந்தது. மூன்று முறை முறைப்படி அடக்கினார்கள். நான்காவது முறை விமானிகள் வேறு ஏதோ செய்தார்கள், கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மின்சாரம் போயிற்று, ஆட்டோ பைலட் விட்டுப்போயிற்று, விமானம் சாய்ந்தது. அதற்குப் பிறகு அதை அவர்களால் மீட்க முடியவில்லை.

விஷயம் என்னவென்றால், அதே பழுது அந்த ஒரு வருஷத்தில் 23 முறை பதிவாகியிருந்தது. கடைசி மூன்று மாதங்களில் அடிக்கடி வர ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ வந்து பார்த்தார்கள். ரீசெட் செய்தார்கள், சரியாகிவிட்டது என்று எழுதிப் புத்தகத்தை மூடினார்கள். பொய் இல்லை. அந்த நிமிஷத்தில் சரியாகத்தான் இருந்தது. 23 முறை சின்ன ரிப்பேர் பார்த்தவர்கள், இது 23 சின்னப் பழுதுகள் இல்லை, ஒரே ஒரு பெரிய பழுது என்று கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்க்கிற வேலை ஒழுங்காக ஒருவர் தலையில் கட்டப்பட்டிருக்கவும் இல்லை.

*

ஆக, ஒரு பழுதை அளக்க மூன்று நிஜமான கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு பெரிசு என்பது அதில் கிடையாது. எத்தனை நாளைக்கு இது சின்னது? எத்தனையாவது தடவை வந்தால் இது சின்னது இல்லை? போதும், நிறுத்து என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? மூன்றாவது கேள்விக்கு ஒரு வால் உண்டு. நிறுத்தச் சொல்கிறவர் அதனால் நஷ்டப்படுகிறவராக இருக்கக்கூடாது.

இப்போது அந்த ஏ.எம்.சி. காகிதத்தை மறுபடி கையில் எடுங்கள். வாஷிங் மெஷினை விடுங்கள். போனால் துணி ஊறும், அவ்வளவுதான். அசோசியேஷன் ஃபைலில் இருக்கிறதே, லிஃப்ட் காகிதம், அதை எடுங்கள். அதில் குழந்தைகள் ஏறி இறங்குகிறார்கள். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்க ஆள் வரும்போது தொகையைப் பேரம் பேசி முடித்துவிட்டு உடனே செக் எழுதாதீர்கள். மூன்று வரி கேளுங்கள். புகார் கொடுத்து இத்தனை நாளில் சரியாகவில்லை என்றால் அது பெரிய பழுது. ஒரே பழுது ஆறு மாதத்தில் மூன்றாவது முறை வந்தால், அதன் மூல காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்வது உங்கள் செலவு. கதவு, பிரேக், கயிறு சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும், சரியாகும்வரை லிஃப்ட் ஓடாது. அதைச் சொல்லும் அதிகாரம் எங்கள் செக்ரெட்டரிக்கு உண்டு. நாள் கணக்கும் தடவைக் கணக்கும் நீங்கள் பேசி வைத்துக்கொள்வது. எண் எதுவானாலும் சரி, எழுதியிருக்க வேண்டும்.

லிஃப்ட் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டும் வையுங்கள். யார் வந்தார், என்ன பழுது, என்ன செய்தார், தேதி, கையெழுத்து. பழுதைக் கூட்டிப் பார்க்க அதுதான் ஒரே வழி. ஒப்பந்தக்கார ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நோட்டு மாறாது.

மூன்று வரியையும் கேட்டால் வந்தவர் கொஞ்சம் திகைப்பார். இதுவரை யாரும் கேட்டதில்லை சார் என்பார். கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று போவார். போகட்டும். மூன்றாவது மாடியில் கதவு இரண்டு தடவை மூடித் திறக்கிற விஷயத்தை மட்டும், அவர் கிளம்புமுன் நோட்டில் எழுதி ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.